12 சென்டிமீட்டர் பனியும் மச்சானின் சிரிப்பும்

கேள்வி: போன வாரம் 40 சென்டிமீட்டர் பனி கொட்டும், வெளியே வராதீர்கள் என்று எச்சரித்தார்கள். பல மாதம் திட்டமிட்ட பயணத்தை ரத்து செய்தோம். விழுந்தது 12 சென்டிமீட்டர். இப்போது இந்தச் சனிக்கிழமைக்கும் அதே மாதிரி எச்சரிக்கை. "நாளைக்கு என்ன நடக்கும் என்றே சொல்லத் தெரியாதவர்கள் 2100-ஐப் பற்றிச் சொல்கிறார்கள். உலகம் சூடாகிறதாம், வெளியே மைனஸ் 20!" என்று மச்சான் சிரிக்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இந்த எச்சரிக்கையை நம்பிப் பயணத்தை மறுபடியும் தள்ளிப்போட வேண்டுமா?

பதில்: பயணத்தை முதலில் பார்த்துவிடுவோம். மச்சான் கொஞ்சம் காத்திருக்கட்டும்.

வானத்திலிருந்து எவ்வளவு தண்ணீர் இறங்கும் என்பதுதான் கணினியின் அடிப்படைக் கணக்கு. அந்தத் தண்ணீரைப் பனியின் உயரமாக மாற்றுவது அடுத்த வேலை, சறுக்குவது பெரும்பாலும் அங்கேதான். ஒரு சென்டிமீட்டர் தண்ணீருக்குப் பத்து சென்டிமீட்டர் பனி என்பது பழைய கைக்கணக்கு. கடுங்குளிரில் விழும் பஞ்சுப் பனி இருபது மடங்குகூட எழும்பி நிற்கும். பூஜ்ஜியத்தை ஒட்டி விழும் ஈரப்பனி ஐந்தாறு மடங்கோடு சப்பென்று படிந்துவிடும். உங்கள் எண்களையே போட்டுப் பாருங்கள். 2 சென்டிமீட்டர் தண்ணீர் இருபது மடங்கானால் 40, ஆறு மடங்கானால் 12. தண்ணீரின் அளவு சொட்டுத் தப்பாமல் சரியாக இருந்தும் உங்கள் வாசலில் முன்னறிவிப்பு படுதோல்வி அடைந்திருக்கலாம். மேகத்துக்கும் தரைக்கும் நடுவே பூஜ்ஜியத்துக்கு ஓரிரு டிகிரி மேலான காற்று ஒரு அடுக்காகப் புகுந்தாலே போதும். பனி உருகி, வழியிலேயே மறுபடி உறைந்த பனிக்கட்டித் துகளாகவோ, தரையில் பட்டதும் உறையும் மழையாகவோ மாறிவிடும்.

இன்னொரு காரணம் இடம். பனிப்புயலில் கனத்த பனி எங்கும் சமமாக விழாது, குறுகிய பட்டைகளாக விழும். 2015 ஜனவரி கடைசியில் நியூயார்க் நகரத்துக்கு அரை மீட்டருக்கு மேல் எதிர்பார்த்தார்கள். பனிக்காகச் சுரங்க ரயிலை முதல் முறையாக நிறுத்தினார்கள். சென்ட்ரல் பார்க்கில் விழுந்தது சுமார் 25. பிலடெல்ஃபியா பகுதி வானிலை அதிகாரி ஒருவர் பொதுவெளியில் மன்னிப்பே கேட்டார். ஆனால் அதே புயல், நூறு கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில், லாங் ஐலண்டில் உள்ள ஐஸ்லிப்பில் 60 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. ஒரு கண்டத்தின் பாதியை மூடும் புயலில் நூறு கிலோமீட்டர் என்பது மயிரிழை. நகரத்தில் இருந்தவருக்கோ அது முழுப் பொய்.

அடுத்த ஆண்டு, 2016 ஜனவரியில், அதே சென்ட்ரல் பார்க்கில் முதலில் எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாக, சுமார் 70 சென்டிமீட்டர் விழுந்தது. 1869-இல் பதிவு தொடங்கியதிலிருந்து அதுவே உச்சம். அந்தத் தவறுக்காக யாரும் வானிலைக்காரரைக் கேலி செய்யவில்லை, எல்லோரும் பனி அள்ளுவதில் மும்முரமாக இருந்தார்கள். முன்னறிவிப்பு இரு பக்கமும் தவறும். நம் நினைவில் தங்குவதோ, வீணாக வீட்டில் உட்கார்ந்த நாள்தான்.

எனவே 40 என்ற ஒற்றை எண்ணை விட்டுவிடுங்கள். "15 முதல் 40 வரை" என்று வீச்சு கொடுத்திருந்தால், அந்த அகலம்தான் அவர்கள் உங்களுக்குத் தரும் முக்கியமான தகவல். ஐரோப்பிய நடுத்தர கால வானிலை முன்னறிவிப்பு மையம் ஒரே கணக்கை, தொடக்க நிலையைத் துளித்துளியாக மாற்றி, 51 தடவை போட்டுப் பார்க்கிறது. ஐம்பத்தொன்றும் ஒரே ஊரைக் காட்டினால் நம்பிக்கை அதிகம், ஆளுக்கொரு திசையைக் காட்டினால் குறைவு. ஏழு நாள் முன்பே கைபேசியில் வந்து பயமுறுத்தும் வண்ண வரைபடம் பெரும்பாலும் அந்தப் பலவற்றில் ஒன்றே ஒன்றாக இருக்கும். அதை நண்பர்களுக்கு அனுப்புகிறவர்களிடம் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. பனி அளவைப் புயலுக்கு 48 மணி நேரம் முன்பிருந்து பார்த்தால் போதும், அதுவும் உங்கள் நாட்டு வானிலைத் துறை எழுத்தில் தரும் விளக்கத்தைப் படியுங்கள். "உறுதி இல்லை, மழைக்கும் பனிக்கும் இடையிலான கோடு எங்கே விழும் என்பதைப் பொறுத்தது" என்று பல சமயம் அதில் வெளிப்படையாகவே எழுதியிருப்பார்கள்.

நம்பலாமா என்று கேட்டீர்கள். அதற்குப் பதிலாக, எவ்வளவு வாய்ப்பு இருந்தால் தள்ளிப்போடுவது லாபம் என்று கேளுங்கள். தள்ளிப்போட்டால் ஒரு பங்கு நஷ்டம், போய் வழியில் சிக்கினால் பத்துப் பங்கு நஷ்டம் என்று வையுங்கள். சிக்கும் வாய்ப்பு பத்தில் ஒன்றுக்கு மேல் போனாலே தள்ளிப்போடுவதுதான் கணக்கு. அப்படியானால் பத்து எச்சரிக்கையில் பலமுறை ஒன்றும் நடக்காமல் போகும், அது அந்தக் கணக்குக்கு உட்பட்டதுதான். போன வாரம் நீங்கள் எடுத்த முடிவு அன்றைக்குக் கையில் இருந்த தகவலுக்குச் சரியானது என்றே நினைக்கிறேன். பக்கத்துத் தெருவுக்குப் போகிறவருக்கு அதே எச்சரிக்கையில் வேறு முடிவு வரும், அதுவும் சரிதான்.

இன்னொன்று, சென்டிமீட்டரை மட்டும் பார்க்காதீர்கள். அமெரிக்க வானிலைச் சேவை ஒரு புயலை 'பிளிஸார்டு' (கடும் பனிப்புயல்) என்று அறிவிக்க வைத்திருக்கும் இலக்கணத்தில் பனியின் உயரமே கிடையாது. மணிக்கு 56 கிலோமீட்டர் காற்று, சுமார் 400 மீட்டருக்குக் கீழ் பார்வைத் தூரம், இவை மூன்று மணி நேரம் நீடிக்க வேண்டும், அவ்வளவுதான். ஏற்கெனவே விழுந்து கிடக்கும் பனியைக் காற்று கிளப்பினாலும் போதும். 2022 டிசம்பரில் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ பகுதியில் வந்த புயலைத் தலைமுறைக்கு ஒருமுறை வருவது என்று சில நாட்கள் முன்பே எச்சரித்திருந்தார்கள். சொன்னபடியே வந்தது. அந்தப் பகுதியில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அவர்களில் சிலர் வண்டிக்குள்ளேயே. சனிக்கிழமைக்கான எச்சரிக்கையில் காற்றின் வேகமும் பார்வைத் தூரமும் மோசமாக இருந்தால், பனி 12 தான் என்றாலும் நான் வண்டியை எடுக்கமாட்டேன்.

இனி மச்சான். அவர் ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் பார்க்கிறார். ஒரே அடுப்பில், ஒரே பானையில் வேகும் சோற்றுக்கு அது சரி. இங்கே இரண்டு வேறு பானைகள். அமெரிக்க வானிலை ஆய்வாளர் எட்வர்ட் லோரென்ஸ் 1961-இல் ஒரு எண்ணை .506127 என்று கொடுப்பதற்குப் பதில் .506 என்று சுருக்கிக் கணினியில் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் கணினி காட்டிய வானிலை அடையாளமே தெரியாமல் மாறிவிட்டது. இன்றைய காற்றை முழுத் துல்லியமாக அளக்க முடியாதவரை, தனித்தனி நாட்களின் வானிலையை இரண்டு வாரத்துக்கு அப்பால் சொல்ல முடியாது என்பது அங்கிருந்து வந்த பாடம். அந்த வரம்புக்குள் பத்தாண்டுக்கு ஏறத்தாழ ஒரு நாள் வீதம் முன்னேறியிருக்கிறோம். ஆறாம் நாள் முன்னறிவிப்பு இன்று, பத்தாண்டுக்கு முந்தைய ஐந்தாம் நாள் அளவுக்கு நம்பகமானது.

ஆனால் வரும் ஜூலையில் எந்த நாளில் மழை என்று தெரியாமலே, பனி விழும் வட நாடுகளில் ஜூலை ஜனவரியைவிடச் சூடாக இருக்கும் என்று மச்சானே பந்தயம் கட்டுவார். நாளைய பனியைத் தப்பாகச் சொன்னவரின் நாட்காட்டியை அதற்காக அவர் கிழித்துப் போடுவதில்லை. ஜூலை சூடு எவ்வளவு வெயில் உள்ளே வருகிறது என்பதைப் பொறுத்தது, இன்றைய காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதைப் பொறுத்ததல்ல. 2100 பற்றிய கணக்கும் அந்த ரகம். உள்ளே வரும் வெப்பம் எவ்வளவு, வெளியேறுவது எவ்வளவு, நடுவில் கரியமில வாயு எவ்வளவு பிடித்து வைக்கிறது என்ற வரவு செலவு அது.

அந்த வரவு செலவைச் சோதித்தும் பார்த்தாகிவிட்டது. 1967-இல் பருவநிலை ஆய்வாளர்கள் சியுகுரோ மனாபேயும் ரிச்சர்ட் வெதரால்டும், இன்றைய கைபேசிக்குப் பக்கத்தில் நிற்க முடியாத கணினியில், கரியமில வாயு இரட்டித்தால் தரை இரண்டு டிகிரிக்குச் சற்று மேல் சூடாகும், அதே சமயம் மேலே, அடுக்குமண்டலம் என்ற உயரமான காற்றடுக்கு குளிரும் என்று கணக்கிட்டார்கள். சூரியன் கூடுதலாகக் காய்வதுதான் காரணம் என்றால் மேலும் கீழும் சேர்ந்தே சூடாக வேண்டும். பின்னால் பலூனும் செயற்கைக்கோளும் அளந்தபோது கீழே சூடு, மேலே குளிர். மனாபேக்கு 2021-இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. ஹவாயின் மவுனா லோவாவில் 1958-இல் அளக்கத் தொடங்கியபோது பத்து லட்சத்தில் 315 பங்காக இருந்த கரியமில வாயு இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது.

மைனஸ் 20 பற்றி. 2015 பிப்ரவரியில், நியூயார்க் முன்னறிவிப்பு சொதப்பிய அதே குளிர்காலத்தில், அமெரிக்க செனட்டர் ஜேம்ஸ் இன்ஹோஃப் ஒரு பனி உருண்டையை அவைக்குள் கொண்டுவந்து வீசிக் காட்டினார். அந்த ஆண்டு முடிந்தபோது அதுவரை பதிவான ஆண்டுகளிலேயே வெப்பமானதாக அமைந்தது. வாஷிங்டனில் குளிர், உலகின் சராசரியில் சூடு, இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. கொட்டும் பனி குளிரை மட்டும் காட்டுவதில்லை, ஈரத்தையும் காட்டுகிறது. ஒரு டிகிரி சூடானால் காற்று சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். வெப்பம் இன்னும் பூஜ்ஜியத்துக்குக் கீழேதான் என்றால், அந்தக் கூடுதல் ஈரமும் பனியாகவே இறங்கும். மொத்தக் கணக்கில் வட அரைக்கோளத்தின் வசந்தகாலப் பனிப்பரப்பு சுருங்கி வருவதைச் செயற்கைக்கோள் பதிவு காட்டுகிறது.

மச்சானுக்கு விட்டுக்கொடுக்க வேண்டிய இடமும் உண்டு. துருவத்தைச் சுற்றி வீசும் குளிர்காற்று வளையமான துருவச் சுழல் குலைந்து குளிர் தெற்கே வழியும்போதெல்லாம் "இதுவும் பருவநிலை மாற்றம்தான்" என்று தலைப்பு போடுகிறார்கள். ஆர்க்டிக் உலகச் சராசரியைவிடப் பல மடங்கு வேகமாகச் சூடாவது உறுதி. அதனால் தெற்கே குளிர் அலைகள் கூடுகின்றனவா என்பதில் ஆய்வாளர்களுக்குள்ளேயே வாதம் முடியவில்லை. உங்கள் ஊரில் 2100-இல் எத்தனை சென்டிமீட்டர் பனி விழும் என்று எவராவது எண் சொன்னால், மச்சான் சிரிப்பதில் நானும் சேர்ந்துகொள்வேன்.

இந்தக் குளிர்காலம் முழுக்க ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். புயலுக்கு முந்தைய இரவு சொன்ன வீச்சு ஒரு பக்கம், விழுந்தது மறுபக்கம், கூடியதும் குறைந்ததும் இரண்டும். எழுதும் வேலையை மச்சானிடமே கொடுத்துவிடலாம். அளப்பது மட்டும் ஒழுங்காக இருக்கட்டும். காற்று குவிக்காத திறந்த இடத்தில் வெள்ளைப் பலகை ஒன்றைத் தரையில் வைத்து, பனி நின்ற உடனே, அமுங்குவதற்கு முன் அளக்க வேண்டும். போன வாரத்து 12 சென்டிமீட்டரை எங்கே, எப்போது அளந்தீர்கள்? காரின் மேல், மறுநாள் மதியம் என்றால் அதில் இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள்.