வாசகர் கேள்வி பதில்: ஆறு நாட்களும் ஆதாமும்

கேள்வி: உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். பத்தாம் வகுப்பில் பரிணாமப் பாடம் நடத்தும்போதெல்லாம், "ஆறு நாளில் தேவன் படைத்தார் என்று வேதத்தில் இருக்கிறதே, டீச்சர்?" என்று ஒரு பிள்ளையாவது எழுந்து கேட்கிறது. எங்கள் போதகர், கர்த்தருக்கு ஒருநாள் ஆயிரம் வருஷம்போல இருக்கிறது என்ற வசனத்தைக் காட்டி, ஆறு நாட்களை ஆறு யுகங்களாகக் கொண்டால் சிக்கல் தீர்ந்துவிடும் என்கிறார். அப்படியே சொல்லிக் கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: போதகரின் நோக்கம் நல்லதே, ஆனால் அந்த வழி அதிக தூரம் போகாது. நாளை எவ்வளவு நீட்டினாலும் நிகழ்ச்சிகளின் வரிசை மாறுவதில்லை, சிக்கல் இருப்பதோ அந்த வரிசையில்தான். ஆதியாகமம் முதலாம் அதிகாரத்தில் கனிமரங்கள் மூன்றாம் நாளில் முளைக்கின்றன. சூரியன் நான்காம் நாளில்தான் வருகிறது. கடல்வாழ் உயிர்களும் பறவைகளும் ஐந்தாம் நாளிலும், தரைவிலங்குகளும் மனிதனும் ஆறாம் நாளிலும் படைக்கப்படுகின்றன. புதைபடிவங்கள் காட்டும் வரிசை வேறு. கடலில் விலங்குகள் 50 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பெருகிவிட்டன. பூத்துக் காய்க்கும் தாவரங்களின் தெளிவான தடயங்கள் ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான் கிடைக்கத் தொடங்குகின்றன. பறவைகளோ தரையில் நடந்த டைனோசர்களின் வழிவந்தவை. ஆகவே தரைவிலங்குகளுக்கு முன்னால் அவற்றை வைக்க இயலாது. போதகர் காட்டும் வசனமும் (2 பேதுரு 3:8) கர்த்தரின் வருகை ஏன் தாமதிக்கிறது என்று ஏங்கியவர்களுக்கு எழுதப்பட்டது. படைப்பின் காலக்கணக்கை அதிலிருந்து எடுப்பது வேதத்தையும் வளைக்கிறது, அறிவியலையும் வளைக்கிறது.

அந்த அதிகாரம் கட்டப்பட்டிருக்கும் விதத்தை உற்றுப் பாருங்கள். முதல் மூன்று நாட்களில் இடங்கள் பிரிக்கப்படுகின்றன: ஒளியும் இருளும், பிறகு வானமும் நீரும், பிறகு நிலம். அடுத்த மூன்று நாட்களில் அதே வரிசையில் அந்த இடங்கள் நிரப்பப்படுகின்றன: ஒளிக்குச் சுடர்கள், வானத்துக்கும் நீருக்கும் பறவைகளும் மீன்களும், நிலத்துக்கு விலங்குகளும் மனிதனும். இது கவிஞன் அமைத்த வரிசை. அடுத்த அதிகாரத்திலோ முதலில் மனிதன், பிறகு தோட்டத்து மரங்கள், பிறகு விலங்குகள், கடைசியில் பெண் என்று வரிசையே மாறிவிடுகிறது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தவர்களுக்கு இந்த வேறுபாடு தெரியாமல் இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. சூரியனும் சந்திரனும் தெய்வங்களாக வணங்கப்பட்ட ஓர் உலகில், அவற்றை நான்காம் நாள்வரை காக்க வைத்து, வெறும் விளக்குகளாக வானத்தில் மாட்டிவிடும் இந்த அதிகாரம் சொல்ல வந்த செய்தி யாரை வணங்குவது என்பதைப் பற்றியது. வகுப்பறையில் இதையெல்லாம் விரிப்பது உங்கள் பொறுப்பு அல்ல. பரிணாமத்தை அதன் சான்றுகளோடு முழுமையாக நடத்துங்கள். பிள்ளையின் கேள்வி ஞாயிறு பள்ளியில் பதில் பெற வேண்டிய கேள்வி.

கேள்வி: டார்வின் வரும்வரை வேதம் வரிக்கு வரி உண்மை என்றவர்கள், அறிவியலிடம் தோற்றபின் "உருவகம்" என்கிறார்கள். இது சமாளிப்பு அல்லவா?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: பாதி உண்மை. நான்காம் நூற்றாண்டில் பேராயர் பேசிலும் பதினாறாம் நூற்றாண்டில் சீர்திருத்தவாதி லூத்தரும் ஆறு நாட்களை நேர்ப்பொருளிலேயே கொண்டனர். அயர்லாந்தின் பேராயர் ஜேம்ஸ் அஷர், வேதத்தின் வம்ச வரலாறுகளையும் பழைய அரச வரலாறுகளையும் கூட்டிக் கணக்கிட்டு, உலகம் கி.மு. 4004இல் படைக்கப்பட்டது என்று 1650இல் எழுதினார். அந்த ஆண்டு நெடுங்காலம் ஆங்கில வேதாகமங்களின் ஓரத்திலும் அச்சாகி வந்தது. நிலவியலும் 1859இல் டார்வினின் நூலும் வந்தபின் பலர் பொருள் கொள்ளும் முறையை மாற்றிக்கொண்டார்கள் என்பதை மறுப்பதற்கில்லை.

மற்றப் பாதியையும் பார்க்க வேண்டும். மூன்றாம் நூற்றாண்டிலேயே அலெக்சாந்திரியாவின் இறையியலாளர் ஆரிஜன், சூரியனும் சந்திரனும் இல்லாத முதல் மூன்று நாட்களுக்கு மாலையும் காலையும் எப்படி வந்திருக்க முடியும், இதை அறிவுள்ள எவர் நேர்ப்பொருளில் எடுத்துக்கொள்வார் என்று கேட்டுவிட்டார். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆதியாகமத்தின் நேர்ப்பொருளையே ஆராயப் புகுந்த பேராயர் அகஸ்டின், அந்த ஆறு நாட்கள் நாம் அறிந்த சூரிய நாட்கள் அல்ல என்ற முடிவுக்கு வந்தார். வானத்தையும் விண்மீன்களையும் பற்றி வேதத்தின் பெயரால் ஒரு கிறிஸ்தவர் உளறினால், விஷயம் தெரிந்த அவிசுவாசி அவரைப் பார்த்துச் சிரிப்பதோடு, உயிர்த்தெழுதலைப் பற்றி வேதம் சொல்வதையும் நம்பமாட்டான் என்று எச்சரித்தவரும் அவரே. இவர்களை நெருக்க அப்போது டார்வின் இல்லை. அவர்களை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது வேதத்தின் வாசகமேதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பள்ளியில் பரிணாமம் கற்பித்ததற்காக ஓர் ஆசிரியர்மீது அமெரிக்காவின் டெய்டன் நகரில் 1925இல் நடந்த புகழ்பெற்ற வழக்கில் பரிணாமத்தை எதிர்த்து வாதாடிய வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையனே, சாட்சிக் கூண்டில் ஏறியபோது அந்த நாட்கள் 24 மணி நேர நாட்களாக இருக்க வேண்டியதில்லை என்று ஒப்புக்கொண்டார். பூமிக்குச் சில ஆயிரம் வயதுதான் என்பதையே விசுவாசத்தின் உரைகல்லாக்கும் போக்கு, ஓர் இறையியல் ஆசிரியரும் ஒரு நீரியல் பொறியாளரும் சேர்ந்து 1961இல் வெளியிட்ட நூலுக்குப் பிறகுதான் சுவிசேஷ சபைகளில் பெருமளவில் பரவியது. இங்கே கன்வென்ஷன் மேடைகளில் ஆதித் திருச்சபையின் போதனை என்று முழங்கப்படுவது, பல சமயங்களில் நம் தாத்தாக்களைவிட வயதில் இளையது.

கேள்வி: ஆறு நாட்கள் உருவகம் என்பதை ஏற்கிறேன். ஆனால் இன்று ஆதாமை உருவகம் என்றால், நாளை உயிர்த்தெழுதலும் உருவகமாகிவிடாதா?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: அந்தச் சரிவுக்கு அஞ்ச வேண்டாம். லூக்கா தம் நூலைத் தொடங்கும்போதே, கண்ணாரக் கண்டவர்கள் ஒப்புவித்தவற்றைத் திட்டமாய் விசாரித்து எழுதுவதாகச் சொல்கிறார். பவுல், உயிர்த்தெழுந்த கிறிஸ்துவைக் கண்டவர்களில் அநேகர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்று எழுதுகிறார். இவை சாட்சியமாக முன்வைக்கப்படும் எழுத்துகள். ஏற்பதும் மறுப்பதும் அந்த அடிப்படையில்தான் நடக்க வேண்டும். பேசும் பாம்பும் ஜீவ விருட்சமும் வரும் அதிகாரம் தன்னை அப்படி முன்வைக்கவில்லை.

ஆதாமோ உண்மையிலேயே கடினமான இடம். "உருவகம்தான்" என்று ஒரே வார்த்தையில் கடந்துவிடுகிறவர்கள் ரோமர் ஐந்தாம் அதிகாரத்தை வாசிக்கவில்லை என்றே சொல்வேன். ஒரே மனுஷனாலே பாவம் உலகத்தில் பிரவேசித்தது என்ற கூற்றின்மேல்தான் பவுல் தம் வாதத்தைக் கட்டுகிறார். மரபியலோ, இன்றைய மனிதரிடம் காணப்படும் மரபணு வேறுபாடுகள் சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரே தம்பதியிடமிருந்து வந்திருக்க முடியாது என்கிறது. நம் முன்னோர் கூட்டம் மிகச் சுருங்கியிருந்த காலத்திலும் ஆயிரக்கணக்கில் இருந்தது என்பதே அதன் கணிப்பு. போப்பாண்டவர் பன்னிரண்டாம் பயஸ் 1950இல் இந்த முடிச்சைக் கண்டார். மனித உடல் முந்தைய உயிரினங்களிலிருந்து வந்ததா என்று அறிஞர்கள் ஆராயலாம் என்று அனுமதித்த அதே கடிதத்தில், ஆதிப் பெற்றோர் பலர் என்ற கருத்தை, ஆதாமின் பாவம் எல்லா மனிதருக்கும் வந்து சேர்கிறது என்ற ஜென்மபாவப் போதனையோடு எப்படிப் பொருத்துவது என்பது விளங்கவில்லை என்றும் எழுதினார். பரிணாமம் வெறும் கருதுகோள் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்று 1996இல் அறிவித்த இரண்டாம் ஜான் பால், அந்த முடிச்சில் கைவைக்கவில்லை.

முன்பே வாழ்ந்த பலரிலிருந்து தேவன் ஒரு தம்பதியைப் பிரதிநிதிகளாகத் தெரிந்துகொண்டார் என்கிறார்கள் சிலர். ஆதாம் என்பது மனிதகுலம் முழுவதையும் காட்டும் உருவம் என்கிறார்கள் வேறு சிலர். முதல் கருத்துக்கு, வேறு மனிதரும் இருந்தார்கள் என்று எண்ண வைக்கும் ஓர் ஊன்றுகோல் ஆதியாகமம் நான்காம் அதிகாரத்தில் உண்டு: தன்னைக் கண்டுபிடிக்கிறவன் எவனும் கொன்றுபோடுவானே என்று ஆதாமின் மகன் காயீன் பயப்படுகிறான், அவனுக்கு மனைவி இருக்கிறாள், ஒரு பட்டணத்தையும் கட்டுகிறான். இரண்டாவது கருத்து ஆதியாகமத்தின் நடைக்கு நெருக்கமானது என்று நான் கருதுகிறேன்; ஆனால் பவுல் "ஒரே மனுஷன்" என்று திரும்பத் திரும்பச் சொல்வதை அது இன்னும் திருப்தியாக விளக்கவில்லை. உங்கள் வேதபாடக் குழுவில் ரோமர் 5:12–19ஐயும் ஆதியாகமம் நான்காம் அதிகாரத்தையும் ஒரே அமர்வில் வாசித்து விவாதியுங்கள். விவாதம் எங்கே முட்டி நிற்கிறது என்பதை எழுதி அனுப்பினால் அடுத்த இதழில் தொடரலாம்.