ரீயூஸ், ரீசைக்கிள்: இரண்டும் ஒன்றுதானா?

தர்மபுரியிலிருந்து பத்தாம் வகுப்பு மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "காலி பாட்டிலில் திரும்பத் தண்ணீர் பிடித்தால் அதை 'ரீசைக்கிள்' என்று எழுதலாமா?"

எழுதக் கூடாது, அது ரீயூஸ். பொருள் உருமாறாமல் மறுபடி பயன்பட்டால் ரீயூஸ். உடைத்து, உருக்கி, புதிதாக ஒன்றைச் செய்தால்தான் ரீசைக்கிள்.

அதே பாட்டிலைப் பழைய இரும்புக் கடையில் போடுகிறீர்கள். அங்கிருந்து ஆலைக்குப் போய்ச் சில்லு சில்லாக வெட்டுப்படும். மூடி வேறு வகை பிளாஸ்டிக். தண்ணீர்த் தொட்டியில் கொட்டினால் மூடிச் சில்லு மிதக்கும், பாட்டில் சில்லு மூழ்கிவிடும். எளிதாகப் பிரித்துவிடலாம், எனக்கு மிகவும் பிடித்த வேலை இது! அப்புறம் கழுவி, உருக்கி, இழையாக்கினால் பாலியஸ்டர் துணி. பேச்சு வழக்கில், பாட்டிலைக் கடையில் கொடுத்ததுமே "ஐ ரீசைக்கிள்டு இட்" என்பார்கள். அதுவும் சரிதான்.

ரெட்யூஸ் என்றால் குறைப்பது. ஒகேனக்கல் போகும்போது வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் கொண்டு போவது ரெட்யூஸ். மூன்றில் முதலிடம் இதற்குத்தான் தர வேண்டும். அருவிக்கரையில் விட்ட பாட்டில் காவிரியோடு மேட்டூர் அணை வரை போகலாம். அதன் பிறகு யார் தேடி எடுப்பது? தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பை, ஸ்ட்ரா போன்றவற்றுக்குத் தடை இருப்பதும் ரெட்யூஸ் கணக்கில்தான் வரும்.

தேர்வில் "வீ ரீயூஸ் கிளாத் பேக்ஸ்" என்று மஞ்சப்பையையே எடுத்துக்காட்டாக எழுதுங்கள்.