எழுதுகிறவர்கள் பண்டிகை நாட்களை எப்படிச் சமாளிக்கிறீர்கள்? புத்தகத்தில் வீட்டாருக்கு நன்றி எழுதத்தான் வேண்டுமா?

கேள்வியைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போகத்தான் நினைத்தேன். "சமாளிக்கிறீர்கள்" என்ற சொல் விடவில்லை. கீழே நீங்கள் எழுதியிருந்த விளக்கத்தையும் வாசித்தேன். தீபாவளிக்கு வீட்டுக்குப் போனால் நாலு நாளும் ஒரு வரி எழுத முடியவில்லை, அம்மா முறுக்குப் பிழியக் கூப்பிடுகிறார், நாவல் பாதியில் நிற்கிறது, இந்த லட்சணத்தில் என்னுரையில் அவர்களுக்கு நன்றி வேறு எழுத வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்களுக்கு இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும், வெளியூரில் அறை எடுத்து இருக்கிறீர்கள், மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறீர்கள், கூடத்தில் தொலைக்காட்சி சத்தத்துக்கு நடுவில் அதைத் திறந்து வைத்துக்கொண்டு எல்லாரையும் முறைக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். பிழையென்றால் மன்னிக்கவும். நான் அப்படித்தான் இருந்தேன், மடிக்கணினிதான் இல்லை.

நான் பெரிய எழுத்தாளன் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு சிறுகதைத் தொகுப்பு, முந்நூறு பிரதி, அதில் எண்பது சொச்சம் இன்னும் வீட்டு அலுமாரிக்கு மேல் இருக்கிறது. தொழில் வயலும் தோட்டமும். ஊர் இலங்கையின் வன்னியில், முத்தையன்கட்டுக் குளத்தின் இடதுகரை. ஏ9 வீதியில் மாங்குளத்தில் கிழக்கே திரும்பினால் ஒட்டுசுட்டான் வரும், அங்கிருந்து உள்ளே வர வேண்டும்.

நான் சொல்ல வந்தது 1998 சித்திரை வருசப்பிறப்பு.

வன்னி வழியாக யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறக்க இராணுவம் தொடங்கிய ஜெயசிக்குறு நடவடிக்கை நடந்துகொண்டிருந்தது. அதற்கு முன்பே, 1990இல் இருந்து, புலிகளின் பகுதிக்கு அரசாங்கம் போட்ட பொருளாதாரத் தடை. எங்கள் பக்கத்தில் மண்ணெண்ணெய் என்பது கிட்டத்தட்ட நகை மாதிரி. ஜாம் போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு வைத்து, அது நனைகிற அளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு, திரியைப் போட்டு எரிப்போம். அந்த வெளிச்சத்தில் சோறு எது, கல் எது என்று பார்க்கலாம், அவ்வளவுதான். பற்றரி கிடையாது, சயிக்கிள் டைனமோவைக் கையால் சுற்றித்தான் வானொலி கேட்போம். கடதாசியும் அப்படித்தான். கோடு போட்ட கொப்பித் தாளில் பத்திரிகை அச்சடித்த காலமும் இருந்தது. இதையெல்லாம் பெருமைக்குச் சொல்லவில்லை. "எங்கள் காலத்தில்" என்று தொடங்கும் ஆட்களை எனக்கும் பிடிக்காது. ஆனால் இது தெரியாவிட்டால் மிச்சம் விளங்காது.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. ராத்திரியில்தான் எழுதுவேன். பகலில் தோட்ட வேலை, அதோடு பகலில் எழுதினால் யாராவது எட்டிப் பார்ப்பார்கள் என்ற வெட்கம். ஐயாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, நான் எழுதுவது பிடிக்காது என்றுதான் நினைத்திருந்தேன். "விளக்கை அணை, அணை" என்று திண்ணையில் இருந்து குரல் வரும். அவர் அஞ்சாம் வகுப்புவரை படித்தவர். நான் எழுதினதில் ஒரு வரியைக்கூட எடுத்து வாசித்தது கிடையாது.

எங்கள் பக்கத்தில் வருசப்பிறப்பு எப்படியென்றால், பஞ்சாங்கத்தில் போட்ட நேரத்துக்கு, மூலிகை போட்டுக் காய்ச்சின மருத்துநீரைத் தலையில் வைத்து முழுகி, புதுசோ தோய்த்ததோ உடுத்து, முற்றத்தில் பொங்கி, பிறகு கைவிசேஷம். (வாக்கியப் பஞ்சாங்கம் ஒரு நேரம் சொல்லும், திருக்கணிதப் பஞ்சாங்கம் இன்னொரு நேரம் சொல்லும். எங்கள் வீடு வாக்கியம், மாமா வீடு திருக்கணிதம், இதில் வருசத்துக்கு ஒருமுறை சண்டை.) வெற்றிலைக்குள் பாக்கும் நெல்லும் ஒரு காசுக்குத்தியும் வைத்து வீட்டில் பெரியவர் கொடுப்பார். வாங்கினதும் காலில் விழ வேண்டும்.

அந்த வருசம் அக்காவுக்கு வெற்றிலையில் ரெண்டு ரூபாய்க் குத்தி. தம்பிக்கும் ரெண்டு ரூபாய். எனக்கு வெற்றிலையில் நெல் மட்டும். பிறகு ஐயா குனிந்து வாங்குப் பலகைக்குக் கீழே கையை விட்டு ஒரு போத்தலை எடுத்தார். சாராயப் போத்தல், அதில் அரைவாசிக்கு மண்ணெண்ணெய்.

"இந்தா தம்பி, உனக்கு இது."

இதோடு கதையை முடித்தால் நான் நல்லவன் மாதிரித் தெரியும். நடந்தது வேறு. போத்தலுக்கு மூடி இல்லை, கடதாசியைச் சுருட்டி அடைத்திருந்தார். வாங்கும்போதே அதில் என் எழுத்து தெரிந்தது. இழுத்து விரித்தேன். என் கொப்பியில் இருந்து கிழித்த தாள், ஒரு கதையின் ஏழாம் பக்கம். பேனை மை எண்ணெயில் இளகி ஊதாக் கறையாகப் பரவி, கீழ் நாலு வரி மட்டும்தான் மிச்சம். அந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடமே அந்தப் பக்கம்தான், குறைந்தபட்சம் அப்போது அப்படித்தான் பட்டது.

நான் காலில் விழவில்லை. வருசப்பிறப்பும் அதுவுமாகக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத மாட்டேன், "படிக்காத" என்று தொடங்கும் ஒரு சொல் அதில் இருந்தது. அம்மா குசினியில் இருந்து அகப்பையோடு வந்து நின்றார். ஐயாவுக்குக் கோபம் வரவில்லை, அவருக்கு விளங்கவில்லை. அவர் சொன்னது இதுதான்:

"அது எழுதின தாள்தானே. எழுதாத தாள் எண்டால் கிழிச்சிருப்பனோ?"

கடதாசி இல்லாத ஊரில் எழுதாத தாளுக்குத்தான் மதிப்பு. எழுதின தாள் முடிந்துபோன தாள். அவர் என் கொப்பியைத் திறந்து, ஒற்றையொற்றையாகப் புரட்டி, வெற்றுத் தாள் ஒன்றும் பழுதாகிவிடக் கூடாது என்று பார்த்துத்தான் அதைக் கிழித்திருக்கிறார். இது இப்போது விளங்குகிறது. அன்று பொங்கலைச் சாப்பிடாமல் குளக்கட்டில் போய்க் குந்தியிருந்தேன். பின்னேரம் பசி தாங்காமல் வீட்டுக்கு வந்தபோது அம்மா சோற்றைப் போட்டுத் தட்டால் மூடி வைத்திருந்தார். எண்ணெயை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டேன், அதையும் சொல்ல வேண்டும்.

அந்த அரைப்போத்தல் ஆடி வரை வந்தது. ஏழாம் பக்கத்தைத் திரும்ப எழுதினேன், முதல் எழுதினதை விட அரைப் பக்கம் குறைந்தது. அந்தக் கதை அடுத்த வருசம் ஒரு சஞ்சிகையில் வந்தது. 2009இல், யுத்தத்தின் கடைசி மாதங்களில் இடம்பெயர்ந்தபோது கொப்பிகள் எல்லாம் போயின. எங்கே விட்டோம் என்றுகூடச் சரியாகச் சொல்ல முடியாது, மாத்தளன் பக்கமாக இருக்கும். ஐயாவும் அந்த மாசியில் போனார். அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை, தயவு செய்து கருத்துப் பகுதியில் கேட்காதீர்கள். சஞ்சிகையில் வந்த அந்தக் கதை மட்டும் பிழைத்தது. யாரோ வைத்திருந்த பிரதியை ஒருவர் ஸ்கேன் எடுத்து இணையத்தில் ஏற்றியிருந்தார், அதைப் பார்த்துத்தான் திரும்பத் தட்டெழுதினேன்.

சரி, நன்றிக்கு வருகிறேன், நீங்கள் கேட்டதே அதுதானே.

2015இல் தொகுப்பு வந்தது. என்னுரை மூன்று பக்கம். அணிந்துரை தந்த பேராசிரியர், பின்னட்டைக் குறிப்பு எழுதியவர், அட்டைப்படம், அச்சகம், மெய்ப்புப் பார்த்தவர், நான் ஒரே ஒருமுறை மட்டும் பேசியிருந்த ஒரு பத்திரிகை ஆசிரியர், எல்லாருக்கும் பெயர் சொல்லி நன்றி. கடைசியில் "மற்றும் எனது குடும்பத்தினருக்கும்".

வெளியீட்டு விழா எப்படி நடக்கும் என்று எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். முதல் பிரதி, பிறகு சிறப்புப் பிரதி, ஆட்கள் வரிசையில் வந்து கடித உறையைத் தந்துவிட்டுப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு படத்துக்கு நிற்பார்கள். பிரதம விருந்தினர் ஐம்பது நிமிடம் பேசினார், அதில் என் புத்தகத்துக்கு நாலு நிமிடம் கிடைத்திருந்தால் பெரிது. உறைகளில் இருந்த காசு அச்சுக்கூலியில் முக்கால்வாசிக்கு வந்தது. ரெண்டு உறை வெறுமையாக இருந்தது, அவர்கள் யார் என்று எனக்குத் தெரியும்.

அன்று இரவு அக்கா முற்றத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு புத்தகத்தைக் கையில் வைத்திருந்தாள். அவள் முதலில் கதைகளை வாசிக்கவில்லை, என்னுரையைத்தான் வாசித்தாள்.

"இருபத்தொரு பேர். எண்ணிப் பார்த்தனான். நாங்கள் இருபத்திரண்டாவது ஆளோ?"

நான் சிரித்து மழுப்பினேன். அதன் பிறகுதான் சொன்னாள். அந்த மண்ணெண்ணெய் சங்கக் கடையில் பங்கீட்டுக்கு வந்தது என்றுதான் பதினேழு வருசமாக நினைத்திருந்தேன். இல்லையாம். வலதுகரையில் வாட்டர் பம்ப் வைத்திருந்த ஒருவரின் மிளகாய்த் தோட்டத்துக்கு ஐயா நாலு நாள் தண்ணி மாற, பாத்திக்குப் பாத்தி தண்ணியைத் திருப்பிவிட, போயிருக்கிறார். கூலியைக் காசாக வேண்டாம், எண்ணெயாகத் தாருங்கோ என்று கேட்டு வாங்கியிருக்கிறார். தோட்டக்காரரோ பம்ப் ஓடவே எண்ணெய் காணாது என்று முதலில் மறுத்து, பிறகு அரைப்போத்தல் கொடுத்தாராம். "அதாலதான் எங்களுக்கு ரெண்டு ரூபாய்" என்றாள் அக்கா. "வழமையா அஞ்சு ரூபாய்."

இதைக் கேட்டுவிட்டு "அப்போ வீட்டார் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டு, எழுதாமல் முறுக்குப் பிழி என்கிறீர்களா" என்று யாராவது வருவார்கள். இல்லை. எழுத விடாத வீடுகள் இருக்கின்றன, எழுதினதைக் கிழித்து அடுப்பில் போட்ட வீடும் எனக்குத் தெரியும். அவர்களுக்கு நான் ஒன்றும் சொல்ல வரவில்லை. பெண்களாக இருந்து எழுதுகிறவர்களுக்குச் சொல்ல எனக்கு வாயும் இல்லை. தைப்பொங்கல் அன்று நான் மூலையில் கொப்பியோடு குந்தியிருந்தால் பால் பொங்கும், என் மனைவி குந்தியிருந்தால் அடுப்பே பற்றாது. இதை அவளே சொல்லிவிட்டாள், அதனால் நானே முந்திக்கொண்டு எழுதுகிறேன்.

பண்டிகை நாளில் எழுதுகிறேனா என்றால், இப்போது எழுதுவதில்லை. விரதம் மாதிரி எதுவும் இல்லை, முடியாது, அவ்வளவுதான். தைப்பொங்கலுக்கு விடிய முதல் எழும்பி முற்றத்தைச் சாணத்தால் மெழுகி, உலக்கையை வைத்து மாவால் கோலம் போட்டு, மூன்று கல் வைத்து அடுப்பு மூட்ட வேண்டும். அடுத்த நாள் பட்டிப்பொங்கல், மாட்டுக்காரருக்கு அதுதான் பெரிய பொங்கல். மாரி மழைக்கு விதைக்கிற காலபோக நெல் அநேகமாக அப்போது வெட்டியிருக்காது. புது அரிசி தைப்பூசத்துக்குப் புதிர், அதாவது முதல் கதிர், எடுக்கும்போதுதான்.

இதில் யானை வேறு. போன பொங்கலுக்குப் பால் பொங்கும்போது சின்னவன் வெடி கொளுத்தினான், பக்கத்துக் காணிக்காரர் யானை வெடி என்று நினைத்து ரோச் லைற்றோடு ஓடி வந்து, பிறகு பொங்கலைச் சாப்பிட்டுவிட்டுப் போனார். சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் அதற்கு முதல் கிழமைதான் அவருடைய பதினாலு தென்னம்பிள்ளையையும் யானை குருத்தோடு பிடுங்கிப் போட்டிருந்தது. நட்டஈட்டுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தது நான்தான், ஏனென்றால் நான் "எழுதுகிற ஆள்". மூன்று தரம் கந்தோருக்கு அலைந்தோம். படம் தெளிவில்லை என்றார்கள், காணி உறுதியின் (பத்திரத்தின்) பிரதி கேட்டார்கள், அவருடைய உறுதி எங்கே போனது என்று நான் மேலே எழுதின கொப்பிகளைக் கேட்க வேண்டும். இன்னும் ஒன்றும் வரவில்லை. யானை மின்வேலியைப் பற்றி இங்கே கேள்வி கேட்டால் தனியாகப் பதில் எழுதுகிறேன்.

விட்ட இடத்துக்கு வருகிறேன். நன்றி எழுத வேண்டுமா என்றால், "மற்றும்" போட்டு எழுதுவதென்றால் வேண்டாம். அதை வீட்டில் ஒருவர் எண்ணிப் பார்ப்பார்.

இந்த வைகாசியில் இரண்டாவது தொகுப்பு வருகிறது. அச்சகம் சொல்லும் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. 2022இல் பரீட்சைத் தாளுக்கே கடதாசி இல்லை என்று மேல் மாகாணத்தில் தவணைச் சோதனையைத் தள்ளி வைத்தார்கள், அன்று ஏறின விலை எங்களுக்கு இறங்கினதாகத் தெரியவில்லை. ஆகவே இருநூறு பிரதிதான். என்னுரையை ஒரு பக்கமாகக் குறைத்துவிட்டேன். அதில் அரைப்போத்தல், நாலு நாள் கூலி, ஏழாம் பக்கம், இவ்வளவும் இருக்கிறது. மெய்ப்புப் பார்த்தவர் "கைவிசேஷம்" என்பதைப் "புத்தாண்டு அன்பளிப்பு" என்று திருத்தி அனுப்பினார். திருப்பித் திருத்தினேன். அவர் மறுபடியும் மாற்றினார். மூன்றாம் தரம் தொலைபேசியில் கொஞ்சம் சத்தமாகப் பேச வேண்டி வந்தது. அவர் பெயர் நன்றியில் இல்லை.

வருசப்பிறப்புக்கு அக்கா வீட்டுக்குப் போகிறோம். அச்சுப்படியைக் கொண்டுபோய்க் காட்டுகிறேன் என்று தொலைபேசியில் சொன்னேன்.

"எத்தனையாவது ஆள்?" என்று கேட்டாள்.