இரண்டரை மாதப் பெண் நாய்க்குட்டி ஒரு நாளைக்குப் பதினைந்து, இருபது முறை சிறுநீர் போகிறது. சர்க்கரை வியாதியாக இருக்குமா?

சர்க்கரை வியாதி குட்டிகளுக்கு வருவது மிக அரிது, அந்தப் பயத்தை விடுங்கள். இந்த வயதில் பகலில் இரண்டு மணி நேரம் அடக்கினாலே பெரிது. தூங்கி எழுந்ததும் போகும், சாப்பிட்ட கால் மணி நேரத்தில் போகும், ஓடி விளையாடினால் நடுவிலேயே போகும். பால்சோறும் கஞ்சியுமாகக் கொடுத்தால் இன்னும் கூடும், அதுவும் தண்ணீர்தானே.

எத்தனை முறை என்பதைவிட, ஒவ்வொரு முறையும் எவ்வளவு போகிறது என்று பாருங்கள். தரையில் உள்ளங்கை அகலத்துக்குக் குளமாக நின்று, குட்டியும் துள்ளிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. குந்திக் குந்தி நாலு சொட்டு விடுவது, முக்குவது, போனபின் அந்த இடத்தையே நக்குவது, நாற்றம், ரத்தம் இவையெல்லாம் சிறுநீர்த் தொற்றின் அடையாளம். பெண் குட்டிகளுக்கு இது அதிகம். தூங்கும்போதும் நடக்கும்போதும் ஓயாமல் கசிந்து பின்பக்க முடி நனைந்தே இருந்தால், கிட்னியிலிருந்து வரும் சிறுநீர்க்குழாய் பிறவியிலேயே சிறுநீர்ப்பையில் சேராமல் வேறு இடத்தில் திறந்திருக்கலாம்; அதை ஸ்கேன் போன்ற பரிசோதனையில்தான் பார்க்க வேண்டும். ஆளைக் கண்டதும் பம்மிக் கொஞ்சம் விடுவது நோயல்ல. அதட்டினால் கூடும்.

அளவே அதிகமாக இருந்தால் தண்ணீரை அளங்கள். காலையில் அளந்து ஊற்றி, மறுநாள் காலை மீதியைக் கழியுங்கள். கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல், அதாவது மூன்று கிலோ குட்டி 300 மில்லியைத் தாண்டித் தினமும் குடித்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். அரிப்புக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தாலும் இப்படித்தான் குடிக்கும், அதையும் மறக்காமல் சொல்லுங்கள். சிறுநீரைக் குறைக்கிறேன் என்று தண்ணீர்க் கிண்ணத்தை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

டாக்டரிடம் போகும்போது சிறுநீர் மாதிரியும் கொண்டுபோங்கள். குழிக்கரண்டியைக் கொதிநீரில் கழுவி ஆறவைத்து, காலையில் குட்டி குந்தியதும் பின்னாலிருந்து நீட்டிப் பிடியுங்கள். முதல் சொட்டுகளை விட்டுவிட்டுப் பிடித்தால் நல்லது. சுத்தமான டப்பாவில் ஊற்றி ஒரு மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும், முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வையுங்கள். பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் பரிசோதனை வசதி இல்லையென்றால், தஞ்சாவூர்ப் பக்கம் ஒரத்தநாட்டில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வீட்டில் இருக்கிற மனித ஆன்டிபயாட்டிக்கை உடைத்துக் கொடுத்தால் கிருமி பாதி அடங்கும், பரிசோதனையிலும் பிடிபடாது.

டெல்டாவில் இன்னொன்று உண்டு, எலிக்காய்ச்சல். ஐப்பசி, கார்த்திகையில் வயல் தண்ணீர் தெருவுக்கு வரும்போது எலி மூத்திரமும் அதில் கலந்து வருகிறது. குட்டி அதைக் குடித்தாலோ, அதில் புரண்டு கால் புண்வழி ஏறினாலோ கிட்னி பாதிக்கும். காய்ச்சல், வாந்தி, கண் மஞ்சளித்தல் இருந்தால் அன்றைக்கே கொண்டுபோங்கள். அதன் மூத்திரம் வழியாக வீட்டில் உள்ளவர்களுக்கும் தொற்றும், ஆகவே கையுறை போட்டு பிளீச்சிங் பவுடர் கரைசலால் துடையுங்கள். எல்லாக் கூட்டுத் தடுப்பூசியிலும் இதற்கான மருந்து இருப்பதில்லை. உங்கள் குட்டியின் அட்டையில் 'லெப்டோ' என்று எழுதியிருக்கிறதா, இரண்டாவது தவணை போட்டாயிற்றா என்று இன்றே எடுத்துப் பாருங்கள்.