கொலராடோ தண்ணி யாருக்கு?

கேள்வி: அமெரிக்காவுல கொலராடோ ஆத்துத் தண்ணிக்கு ஏழு மாநிலம் அடிச்சுக்குறாங்களாமே, ஏன் சார்?
- வாசகி, அருப்புக்கோட்டை

பதில்: 1922-ல ஒப்பந்தம் போட்டப்ப தண்ணி நல்லா ஓடுன வருஷங்களோட கணக்க வச்சு பங்கு பிரிச்சுட்டாங்கம்மா, அதான் வினையே, இல்லாத தண்ணியையும் சேர்த்துப் பங்கு போட்டாச்சு, 2000-லருந்து வறட்சி வேற. எல்லாரும் பாலைவனத்துல இருக்குற லாஸ் வேகாஸ் நகரத்தைத்தான் திட்டுறாங்க, ஆனா அங்க வீட்டுக்குள்ள செலவாகுற தண்ணிய கிட்டத்தட்ட முழுசா சுத்தம் பண்ணி அதே ஆத்துல அணை கட்டித் தேக்குன மீட் ஏரிக்கே திருப்பி விடுறாங்க, ரோட்டோரம் ஆபீஸ் வாசல்ல அழகுக்கு வளக்குற புல்லுக்கு 2027-லருந்து ஆத்துத் தண்ணி கிடையாதுன்னு 2021-லயே சட்டம் போட்டுட்டாங்க. பெரும்பங்கு போறது விவசாயத்துக்கு, அதுலயும் மாட்டுத் தீவனம் குதிரைமசாலுக்கு நிறைய. எனக்கு மனசு ஆறாதது கடைசியில இருக்குற மெக்சிகோவ நினைச்சாதான், பெரும்பாலான வருஷம் அந்த ஆறு கடலைத் தொடுறதே இல்லம்மா.