வீட்டில் செய்த ஃபைபர்கிளாஸ் வில்லில் தவறுகள் வந்துவிட்டன, எதைச் சரிசெய்யலாம்?

கேள்வி: மூங்கில் பட்டைகளின் இரு பக்கமும் ஃபைபர்கிளாஸ் ஒட்டி 66 அங்குல வில் ஒன்றை வீட்டிலேயே செய்தேன். 28 அங்குல இழுப்பில் 40 பவுண்டு வரும் என்று நினைத்தேன், 47 வந்தது. நாணேற்றினால் மேல் லிம்ப் (கைப்பிடிக்கு மேலே வளையும் கை) ஒரு பக்கமாகத் திரும்புகிறது. கைப்பிடி அருகே ஒட்டிய கோட்டில் இரண்டு சென்டிமீட்டருக்கு வெள்ளையாகத் தெரிகிறது. இதில் எது சரியாகும், எது ஆகாது?

பதில்:

எடையும் (வில்லை இழுக்கத் தேவைப்படும் விசை) திருகலும் சரியாகிவிடும். வெள்ளைக் கோடுதான் சந்தேகம். அதனால் அரத்தை எடுப்பதற்கு முன்னால் அந்தக் கோட்டைப் பாருங்கள். நான் என் முதல் வில்லில் இந்த வரிசையை மாற்றிச் செய்தேன். பத்து நாள் மாலை நேரம் முழுக்க உட்கார்ந்து திருகலை எடுத்தேன், எடையைக் குறைத்தேன், மெருகு கூடப் போட்டேன். பதினோராவது நாள் முழு இழுப்புக்குப் போனபோது கைப்பிடி ஓரத்தில் 'டக்' என்று ஒரு சத்தம். ஒட்டு ஒரு சாண் நீளத்துக்குப் பிளந்துவிட்டது. அந்த வில்லை மீட்க முடியவில்லை.

ஒட்டு முழுதாக நனைந்த இடத்தில் கண்ணாடியிழைக்கும் (ஃபைபர்கிளாஸ்) மரத்துக்கும் நடுவே ஒன்றும் தெரியாது. வெள்ளையாகத் தெரிகிறது என்றால் அங்கே பசை இல்லை, காற்று இருக்கிறது. லிம்ப்பின் நடுவில், ஓரத்தைத் தொடாமல் அரிசி அளவில் ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தால் விட்டுவிடலாம். என்னிடம் உள்ள ஒரு வில்லில் அப்படி இரண்டு புள்ளிகள் உண்டு, மூன்று வருடமாக அளவு மாறவில்லை. ஓரத்தைத் தொடும் கோடு வேறு விஷயம். அதிலும் ரைசர் கட்டை, அதாவது கைப்பிடிக் கட்டை, இரு பக்கமும் சரிந்து, மெலிந்து, காகிதம் போல முடிகிற இடம் இருக்கிறதே, அங்கே என்றால் மிகவும் கவனம் வேண்டும். வளையாத கட்டையும் வளைகிற லிம்ப்பும் சந்திக்கும் இடம் அது. வில் செய்பவர்கள் அதை ஃபேட் என்பார்கள். அந்த முனை தடிப்பாக, படிக்கட்டு மாதிரி முடிந்திருந்தால் வளையும் விசை முழுவதும் ஒரே கோட்டில் வந்து குவியும். என் முதல் வில் பிளந்ததற்குக் காரணம் அதுதான். முனையை ஒரு மில்லிமீட்டர் தடிமனில் நிறுத்தியிருந்தேன். வெளிச்சத்தில் பிடித்தால் ஒளி ஊடுருவும் அளவுக்கு அதை மெலிதாக்க வேண்டும் என்று எனக்கு அப்போது தெரியாது.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது: கோட்டின் இரண்டு முனைகளிலும் கூர்மையான பென்சிலால் குறியிடுங்கள். நாணேற்றி, பாதி இழுப்புக்கு மட்டும் இருபது முறை மெதுவாக இழுங்கள். கையால் வேண்டாம். சுவரில் கட்டை அடித்து, வில்லை அதில் வைத்து, கீழே ஒரு கப்பி மாட்டி, கயிற்றை இரண்டு மீட்டர் தள்ளி நின்று இழுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். வில் உடைந்தால் துண்டு எந்தப் பக்கம் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. பிறகு குறிகளைப் பாருங்கள். கோடு பென்சில் குறியைத் தாண்டவில்லை என்றால் அது ஒட்டும்போது பசை போகாமல் விட்ட இடம், நிரப்பிவிடலாம். தாண்டியிருந்தால் ஒட்டே விட்டுக்கொண்டு வருகிறது. ஒரு நாணயத்தால் லிம்ப் நெடுகத் தட்டிப் பார்ப்பதும் உதவும். ஒட்டிய இடம் கணீரென்று ஒலிக்கும், விட்ட இடத்தில் சத்தம் மந்தமாக வரும்.

நிரப்புவதற்குப் பலரும் ஃபெவிகுவிக்தான் சொல்வார்கள். தண்ணீர் மாதிரி மெலிதாக இருப்பதால் சந்துக்குள் தானாக ஓடும், உண்மைதான். ஆனால் காய்ந்தபின் நொறுங்கும் தன்மை உடையது. வளையாத இடத்துக்கும், ஓரத்தில் எழும் ஒற்றைச் சிம்புக்கும் அது போதும். ஃபேட் அருகே நான் எபாக்ஸிதான் (ரெசினையும் ஹார்டனரையும் கலந்து போடும் பசை) போடுவேன். அந்த இடத்தை ஹேர் டிரையரால் கை தாங்கும் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். கலந்த எபாக்ஸி சூடு பட்டதும் இளகி ஓடும். பழைய பிளேடு நுனியால் சந்தை லேசாகத் திறந்து பிடித்து உள்ளே விடுங்கள். மறுபக்கம் பசை எட்டிப் பார்க்கும் வரை விடுங்கள். பிறகு கிளாம்ப். அதிகம் முறுக்க வேண்டாம், முறுக்கினால் விட்ட பசையெல்லாம் வெளியே வந்துவிடும். ஒரு முழு நாள் தொடாதீர்கள். அதன்மேல் நைலான் நூலை நெருக்கமாக ஒரு அங்குல அகலத்துக்குச் சுற்றி, நூலையும் எபாக்ஸியில் ஊறவிட்டால் அந்த இடம் திறக்க வாய்ப்பு குறையும்.

அந்தக் கோடு ஏன் வந்தது என்பதையும் தேடிப் பாருங்கள், ஏனென்றால் அதே காரணம் வில்லின் மற்ற இடங்களிலும் இருக்கலாம். நான் பார்த்த காரணங்கள் நாலைந்துதான். ஃபைபர்கிளாஸின் ஒட்டும் பக்கத்தைச் சொரசொரப்பாக்காமல் பளபளப்பாகவே விட்டது ஒன்று. துடைத்த பிறகு விரலால் தொட்டது இன்னொன்று, விரலில் உள்ள எண்ணெயே போதும். அச்சின் மேல் (பட்டைகளை வைத்து ஒட்டும் கட்டை) தடவிய மெழுகு பட்டையில் ஒட்டிக்கொள்வதும் நடக்கும். அச்சே சமமாக இல்லாமல் ஓரிடத்தில் பள்ளமாக இருந்தால் எவ்வளவு கிளாம்ப் போட்டாலும் அங்கே சந்து நிற்கும். மழைக்காலத்தில் ஈரம் இழுத்த மூங்கிலை அப்படியே ஒட்டுவதும் தவறு. பசை போடுமுன் மூங்கிலின் ஈரம் 8 முதல் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். தேக்குப் பட்டை வைப்பவர்கள் ஒட்டுவதற்குச் சற்று முன்னால் அசிட்டோனால் துடைக்க வேண்டும், தேக்கின் எண்ணெய் மேலே வந்துகொண்டே இருக்கும்.

கலவை அளவும் முக்கியம். இங்கே பலரும் வாங்கும் சாதாரண அரால்டைட் எபாக்ஸி, கன அளவில் அளவுக்கு அளவு சமமாகக் கலக்க வேண்டியது. எடை போட்டுக் கலந்தால் 100 கிராம் ரெசினுக்கு 80 கிராம் ஹார்டனர். எடைத் தராசில் வைத்துச் சமமாகக் கலந்தால் ஹார்டனர் கூடிவிடும், காய்ந்தபின் ரப்பர் மாதிரி இருக்கும். வழிந்து காய்ந்த பசையில் நகத்தை அழுத்திப் பாருங்கள். தடம் விழுந்தால் குண்டு பல்பு மாட்டிய பெட்டியில் 60 டிகிரி செல்சியஸில் ஐந்தாறு மணி நேரம் வைத்துவிட்டு மறுபடி பாருங்கள். அதற்குப் பிறகும் தடம் விழுந்தால் அந்த வில் உதவாது. வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

சரி, எடைக்கு வருவோம். நீங்கள் 28 அங்குலத்தை எங்கிருந்து அளந்தீர்கள்? இதைக் கேட்காமல் அரத்தை எடுக்கச் சொல்ல மாட்டேன். வில் உலகத்தில் '28 அங்குலத்தில் 40 பவுண்டு' என்று எழுதினால், கைப்பிடியின் ஆழமான பள்ளத்திலிருந்து நாண் வரை 26¼ அங்குலம் என்று அர்த்தம். அதோடு 1¾ அங்குலத்தைக் கூட்டித்தான் 28 என்பார்கள். நீங்கள் கைப்பிடியிலிருந்தே 28 அளந்திருந்தால் ஒன்றேமுக்கால் அங்குலம் கூடுதலாக இழுத்திருக்கிறீர்கள். இந்த மாதிரி வில்லில் கடைசி அங்குலங்களில் அங்குலத்துக்கு இரண்டு, இரண்டரை பவுண்டு ஏறும். அப்படியென்றால் உங்கள் 47 உண்மையில் 43 ஆக இருக்கலாம். கொக்கித் தராசில் கிலோவில் பார்ப்பவராக இருந்தால் 40 பவுண்டு என்பது 18 கிலோ சொச்சம்.

மறுபடி அளந்த பிறகும் அதிகமாக இருந்தால் அகலத்தில் குறையுங்கள், தடிமனில் கை வைக்காதீர்கள். லிம்ப்பின் விறைப்பு அகலத்துக்கு நேர் விகிதம். தடிமனிலோ அதன் மும்மடிக்கு, அதாவது தடிமனை மூன்று முறை ஒன்றோடொன்று பெருக்கினால் வருவதற்கு, விகிதம். 38 மில்லிமீட்டர் அகலத்தை 35 ஆக்கினால் எட்டு சதவீதம் குறையும், கணக்கு சாதுவானது. 9 மில்லிமீட்டர் தடிமனில் பத்தில் ஒரு மில்லிமீட்டரைத் தேய்த்தாலே மூன்று சதவீதத்துக்கு மேல் போய்விடும், தேய்ப்பது வெளிப்புறக் கண்ணாடியிழை என்பதால் அதைவிடவும் கூடப் போகும். அந்த இழைகள் நீளவாக்கில் முனையிலிருந்து முனைவரை ஓடுகின்றன. மேலே தேய்த்தால் இழைகள் நடுவில் அறுபட்டு நிற்கும், அங்கிருந்துதான் சிம்பு எழும்பும். அமெரிக்காவில் ஃப்ரெட் பேர் போன்றவர்கள் 1950-களில் இந்த ஒருதிசை இழையை வில்லுக்குக் கொண்டுவந்ததே, எல்லா இழையும் வளையும் திசையிலேயே வேலை செய்ய வேண்டும் என்பதற்காகத்தான். துணி மாதிரி நெய்த ஃபைபர்கிளாஸ் தகட்டை மலிவாகக் கிடைக்கிறது என்று வைத்திருந்தால் அதில் பாதி இழை குறுக்கே சும்மா கிடக்கும். நீங்கள் எதை ஒட்டினீர்கள் என்று கேள்வியில் இல்லை, அதனால் சொல்கிறேன்.

அகலத்தையும் ஒரேயடியாகக் குறைக்க வேண்டாம். ஒல்லியான லிம்ப் சீக்கிரம் திருகும். உங்களுக்கு ஏற்கெனவே திருகல் இருக்கிறது. இரண்டையும் ஒரே வேலையாகச் செய்யலாம் என்பதுதான் இதில் உள்ள வசதி.

திருகலைப் பற்றி எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் தெருவில் கதவு, ஜன்னல் செய்யும் ஒரு ஆசாரி. இரண்டாவது வில்லை அவரிடம் கொண்டுபோய், மூங்கில் சரியில்லை என்றேன். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "மூங்கிலைக் குறை சொல்லாதீங்க தம்பி, மொதல்ல நூல் பிடிச்சுப் பாருங்க" என்றார். நுனிக்கு நுனி நூல் பிடித்ததும் தெரிந்தது, நான் வரைந்த நடுக்கோடு கைப்பிடியில் நாலு மில்லிமீட்டர் தள்ளியிருந்தது. பசை வழுக்கியதில் பட்டைகள் அச்சின் மேல் நகர்ந்திருக்கின்றன, நான் கவனிக்கவே இல்லை. அதனால் நீங்களும் நாணைக் கழற்றிவிட்டு முதலில் நூல் பிடியுங்கள். நடுக்கோடு தள்ளியிருந்தால் புதிய கோடு போட்டு, அதன் இரு பக்கமும் சம அகலம் வருமாறு ஓரத்தை எடுத்தால் எடையும் குறையும், திருகலும் பாதிக்கு மேல் போய்விடும். நுனியில் நாண் உட்காரும் பள்ளங்கள் இரண்டும் ஒரே உயரத்தில், ஒரே சாய்வில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். அந்தப் பள்ளம் ஓரங்களில் மட்டும் இருக்க வேண்டும். முதுகுப்பக்கக் (இலக்கைப் பார்க்கும் பக்கம்) கண்ணாடியிழையின் குறுக்கே அறுத்திருந்தால் அதன்மேல் ஒரு மரத்துண்டு ஒட்டி, பள்ளத்தை அந்தத் துண்டிலேயே வெட்டுங்கள்.

இதற்குப் பிறகும் திருகல் மிச்சம் இருந்தால், நாணேற்றிய வில்லை வயிற்றுப்பக்கம் (நாண் இருக்கும் பக்கம்) உங்களைப் பார்க்குமாறு பிடியுங்கள். லிம்ப்பின் எந்த ஓரம் உங்களை நோக்கி வந்திருக்கிறதோ அது பலவீனமான ஓரம். அரம் போட வேண்டியது அதற்கு எதிர் ஓரத்தில், லிம்ப்பின் நடுவிலிருந்து நுனி வரை. பத்து இழுப்பு அரம், பிறகு முப்பது முறை வில்லை இழுத்துவிட்டு மறுபடி பார்ப்பது. இந்தப் பொறுமை இல்லாமல் எனக்கு ஒரு வில்லும் நேராகவில்லை. அரத்தைக் கண்ணாடியிழை மேலிருந்து மரத்தை நோக்கி ஓட்டுங்கள். எதிர்த்திசையில் ஓட்டினால் இழையைப் பெயர்த்துவிடும். வெந்நீரில் சூடாக்கி எதிர்ப்பக்கம் முறுக்கி ஆறவிடுவது பழைய ரிகர்வ் (நுனிகள் முன்பக்கம் வளைந்த) வில்களுக்குச் செய்வார்கள். ஒட்டில் சந்தேகம் உள்ள உங்கள் வில்லுக்கு அது வேண்டாம்.

மேல் கீழ் லிம்ப்புகளின் சமநிலையைக் கடைசியாகப் பாருங்கள். அம்புக்கு மேலே ஒரு விரல், கீழே இரண்டு விரல் வைத்து இழுப்பவர் என்றால், ஃபேட் முடியும் இடத்தில் நாணுக்கும் லிம்ப்புக்கும் உள்ள தூரம் மேல் பக்கத்தில் 3 முதல் 6 மில்லிமீட்டர் கூடுதலாக இருக்கலாம். மூன்று விரலும் அம்புக்குக் கீழே என்றால் ஏறக்குறைய சமம். விறைப்பான லிம்ப்பின் இரண்டு ஓரத்திலும் சமமாக அரம் போட்டால் இது வந்துவிடும்.

அரம் போடும்போது தூசியை அலட்சியம் செய்யாதீர்கள். கண்ணாடித் தூள் அது. என்95 முகக்கவசம், முழுக்கைச் சட்டை, தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள். வீட்டுக்குள் செய்யாதீர்கள், குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் மொட்டை மாடியில்கூடத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டுத்தான் இறங்க வேண்டும். எபாக்ஸி ஹார்டனரும் தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் ஒருநாள் ஒவ்வாமை வந்து, அப்புறம் அந்தப் பசைப் பக்கமே போக முடியாமல் ஆகிவிடும். கையுறை போடுங்கள்.

வேலை நடக்கும் நாட்களில் கண்ணாடியிழை மேல் நீளவாக்கில் மெல்லிய கோடு ஏதும் தெரிந்தால் பெரிதாகப் பயப்பட வேண்டாம், குறிவைத்துக் கவனியுங்கள். குறுக்கே கோடு தெரிந்தால் இழை அறுந்திருக்கிறது என்று பொருள். அந்த வில்லை அதற்குப் பிறகு யார் கையிலும் கொடுக்காதீர்கள்.

இன்று மாலை பென்சில் குறியும் இருபது இழுப்பும் மட்டும் செய்யுங்கள். கோடு நகரவில்லை என்றால் சூடான எபாக்ஸி, ஒரு நாள் ஓய்வு, நூல் கட்டு, அப்புறம் நூல் பிடித்து அரம். நகர்ந்திருந்தால் நாணைக் கழற்றிவிட்டு அந்த இடத்தைப் பக்கவாட்டில் படம் எடுத்துப் போடுங்கள். ஃபேட் முனை எவ்வளவு தடிமனில் முடிகிறது என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.