மறுநாள் உதிரும் பிரெட் – கடிதமும் பதிலும்

வணக்கம்.

வீட்டிலேயே சாண்ட்விச் பிரெட் செய்கிறேன். 3 கப் மைதா, 1 கப் தண்ணீர், உப்பு, சர்க்கரை, ஈஸ்ட், கொஞ்சம் வெண்ணெய். சுட்ட அன்று நன்றாக இருக்கிறது. மறுநாள் வெட்டினால் உதிர்கிறது. நடுவில் எதையாவது வைத்து மூடினால் கையிலேயே பிளந்துவிடுகிறது. ஈஸ்ட்டைக் கூட்டினேன், தண்ணீருக்குப் பதில் பால் ஊற்றினேன், ஃப்ரிட்ஜில் வைத்தும் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி வருகிறது. எது உதவியது, எது கெடுத்தது என்றே புரியவில்லை. கடை பிரெட்டில் போடும் இம்ப்ரூவர் இல்லாமல் இது ஆகாதா?

*

அன்புள்ள நண்பருக்கு,

ஆகும். இம்ப்ரூவரைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் முதலில் கண்ணில் பட்டது அந்த '3 கப்'தான்.

மைதாவைக் கரண்டியால் அள்ளித் தளர்வாகப் போட்டால் ஒரு கப் 120 கிராம் இருக்கும். கப்பையே மாவுக்குள் விட்டு அழுத்தி எடுத்தால் 150 கிராம் வரை போகும். ஆக, 3 கப் என்பது ஒரு நாள் 360 கிராம், இன்னொரு நாள் 450. தண்ணீரோ இரண்டு நாளும் அதே 240. மாவின் எடையை 100 என்று வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் அதன் சதவீதமாகச் சொல்வது பேக்கரிக்காரர்களின் கணக்கு. அதன்படி ஒரு நாள் உங்கள் மாவில் தண்ணீர் 67 சதவீதம், இன்னொரு நாள் 53. முதலாவது கையில் லேசாக ஒட்டும் மெத்தென்ற மாவு. இரண்டாவது பிசையவே முரண்டு பிடிக்கும், சுட்டால் மறுநாள் உதிரும். நீங்கள் ஈஸ்ட்டைக் கூட்டிய அன்று கப்பில் மாவு எப்படி விழுந்தது என்று யாருக்குத் தெரியும்? அதனால் இதுவரை செய்த சோதனைகளை மறந்துவிடலாம்.

ஓர் எடை மெஷின் வாங்குங்கள். மாவு 400 கிராம், தண்ணீர் 260, சர்க்கரை 20, வெண்ணெய் 20, உப்பு 8, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 4. இதில் எதையும் மாற்றாமல் இரண்டு முறை சுடுங்கள். இரண்டும் ஒரே மாதிரி வந்த பிறகுதான் எதையாவது மாற்ற வேண்டும், அதுவும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும். அலுப்பான வேலைதான். ஆனால் இதைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் வருடக்கணக்கில் "ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். மாவு பொங்குவதைக் கடிகாரத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். சூடான நாளில் ஒரு மணி நேரத்தில் ஆவது குளிரில் இரண்டு மணி நேரம் இழுக்கும். முதல் முறை அளவு இரட்டிப்பாக வேண்டும், டின்னில் போட்ட பிறகு விளிம்புக்கு இரண்டு சென்டிமீட்டர் மேலே வர வேண்டும். அதைத்தான் பார்க்க வேண்டும்.

பால் ஏன் கைகொடுக்கவில்லை? பாலில் சுமார் 87 சதவீதம்தான் தண்ணீர். 240 கிராம் பால் ஊற்றினால் மாவுக்குக் கிடைப்பது 209 கிராம். மென்மைக்காக ஊற்றினீர்கள், ஈரத்தில் 30 கிராம் குறைந்துபோனது. பால் வேண்டுமென்றால் அந்த அளவுக்குக் கூடுதலாக ஊற்றுங்கள். ஈஸ்ட்டைக் கூட்டினால் மாவு சீக்கிரம் பொங்கும், அவ்வளவுதான். மறுநாள் உதிர்வதற்கு அது மருந்தல்ல.

ஃப்ரிட்ஜ் விஷயம்தான் எனக்குப் பிடித்தது. பிரெட் பழசாவது ஈரம் காய்வதால் மட்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் சுடும்போது நீரை உறிஞ்சி உப்பிய ஸ்டார்ச், அதாவது மாவுச்சத்து, ஆறிய பிறகு மெல்ல மெல்லப் படிகமாக இறுகுகிறது. காற்றுப் புகாமல் மூடி வைத்தாலும் இது நடக்கும். உறைநிலைக்குச் சற்று மேலான குளிரில், அதாவது சரியாக உங்கள் ஃப்ரிட்ஜுக்குள், மிக வேகமாக நடக்கும். ஃப்ரீசரில் கிட்டத்தட்ட நின்றுவிடும். இரண்டு நாளைக்குள் தீர்ந்துவிடும் என்றால் வெளியே மூடி வையுங்கள். மீதியைத் துண்டு போட்டு ஃப்ரீசரில் வைத்து, வேண்டும்போது எடுத்து டோஸ்ட் செய்யுங்கள்.

இறுகுவதைத் தள்ளிப்போட ஒரு நல்ல வழி மாவுக்கூழ். சீன, ஜப்பானிய பேக்கரிகளில் பால் பிரெட்டுக்குச் செய்வது, தாங்ஜோங் என்று பெயர். அந்த 400 கிராம் மாவிலிருந்து 25 கிராமும், தண்ணீரிலிருந்து 125 கிராமும் எடுத்து, கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிண்டுங்கள். 65 டிகிரி செல்சியஸ் வந்ததும் கரண்டி போன தடம் மறையாமல் நிற்கும். இறக்கி ஆறவிட்டு மற்ற மாவோடு சேர்த்துப் பிசையுங்கள். வெந்த ஸ்டார்ச் பச்சை ஸ்டார்ச்சைவிடப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் மொத்தத் தண்ணீரை 70 சதவீதத்துக்கு, அதாவது 280 கிராமுக்கு உயர்த்தினாலும் மாவு குழையாது. ஒன்றை மட்டும் மாற்றச் சொன்னேன் இல்லையா? முதலில் 260 கிராமிலேயே கூழ் வைத்துச் சுட்டுப் பாருங்கள், தண்ணீரை அடுத்த முறை ஏற்றுங்கள்.

இனி இம்ப்ரூவர். பெரும்பாலும் அஸ்கார்பிக் அமிலம் (வைட்டமின் சி), என்சைம்கள், எண்ணெயையும் நீரையும் பிரியாமல் சேர்த்துப் பிடிக்கும் எமல்சிஃபையர் ஆகியவற்றின் கலவை அது. 1961இல் பிரிட்டனில் உருவான சோர்லிவுட் முறையில், இவற்றின் துணையோடு அதிவேக மிக்சரில் சில நிமிடங்களிலேயே மாவைத் தயார் செய்துவிடுவார்கள். நேரத்தை மிச்சப்படுத்த வேண்டிய கட்டாயம் தொழிற்சாலைக்கு உண்டு, நமக்கு இல்லை. மாவையும் தண்ணீரையும் கலந்து அரை மணி நேரம் சும்மா மூடி வைத்துவிட்டுப் பிறகு மற்றதைச் சேர்த்துப் பிசையுங்கள். மாவுக்கு இழுவை தரும் புரத வலையான குளூட்டன் ஓரளவு தானாகவே உருவாகியிருக்கும். அப்படியும் துண்டு பிளந்தால், புரதம் 12 சதவீதத்துக்கு மேல் உள்ள பிரெட் மாவுக்கு மாறிப் பாருங்கள்.

சுட்ட அன்றே மதிப்பெண் போடாதீர்கள். சூடான பிரெட் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். உங்கள் குறை மறுநாளில் இருக்கிறது, தேர்வும் மறுநாள்தான். பழைய முறையில் ஒன்று, மாற்றிய முறையில் ஒன்று எனச் சுட்டு, ஒன்றில் இரண்டு துண்டும் மற்றதில் ஒரு துண்டுமாக மூன்றை வீட்டில் யாரிடமாவது கொடுத்து, வேறு மாதிரி இருப்பது எது என்று கேளுங்கள். உணவு ஆய்வுக்கூடங்களில் செய்யும் சோதனைதான் இது. குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒரு முறை சரியாக வரும் என்பதால் நாலைந்து தடவை கேளுங்கள். அவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால், நீங்கள் கண்டதாக நினைத்த முன்னேற்றம் பெரும்பாலும் உங்கள் ஆசைதான்.

இன்னொன்று: முழுவதும் ஆறாமல் வெட்டினால் உள்ளே பிசுபிசுவென்று கிழியும், ஈரமும் ஆவியாகப் போய்விடும். குறைந்தது இரண்டு மணி நேரம் விடுங்கள். சூடாகவே வேண்டும் என்று யாராவது அடம்பிடித்தால், மாவில் கொஞ்சம் கிள்ளி அவர்களுக்குத் தனியாக ஒரு பன் போட்டுக் கொடுங்கள். கிள்ளிய மாவின் எடையையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்.